ஒளு செய்த தண்ணீரில் ஒரு தோட்டம்

கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. நம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் போன மாதம் கூடியபோதும், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைக்கும்போதுதான், சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழ் போதும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் கடைசி வருடத்தைப் பற்றிப் பேசினீர்கள். கொடி, ஊர்வலம், எல்லையில் நின்ற போலீஸ். எனக்கு அந்த வருடம் என்றால் எங்கள் வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வருகிறது. அதில் என் உம்மா முதன்முதலாகக் காய்கறி போட்டார்.

நம் ஊருக்கு மூன்று பக்கம் இந்தியா, ஒரு பக்கம் கடல். அந்தக் கோடையில் எல்லைச் சாவடிகளில் கெடுபிடி அதிகமாகி, வெளியிலிருந்து வரும் காய்கறி வண்டிகள் நின்றுபோயின. கோட்டுச்சேரிப் பக்கமிருந்து கூடையில் கீரை கொண்டுவருகிறவள் எங்கள் தெருவுக்குள் நுழையுமுன்பே கூடை காலியாகிவிடும். அதே சமயத்தில் வாப்பாவின் கடிதமும் நின்றது. வாப்பா சைகோனில் ஒரு கடையில் இருந்தார். அங்கே சண்டை நடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். தம்பி அப்போது கைப்பிள்ளை.

ஒருநாள் மாமா, அதாவது உம்மாவின் அண்ணன், வில்வண்டியில் வந்தார்.

"வீட்டைப் பூட்டிட்டுப் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு. பொம்பளை தனியா எப்படி இருப்பே?" என்றார்.

எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான். அது உம்மாவின் கல்யாணத்தில் அவருக்கு எழுதிவைத்த வீடு. மாமா வீட்டில் எங்களுக்கு இடமும் உண்டு, அன்பும் உண்டு. ஆனால் அங்கே போனால் ஒரு கைப்பிடி அரிசி எடுப்பதற்கும் உம்மா மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதோடு, ஒரு தடவை பூட்டிய வீட்டைத் திறப்பது எளிதல்ல என்பதும் உம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே அப்படிப் பூட்டிய வீடுகள் இருந்தன. ஓட்டின்மேல் ஆலங்கன்று முளைத்திருக்கும்.

"நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுங்க நானா," என்றார் உம்மா. எங்கள் பக்கம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு என்னத்தை ஆக்கிப் போடுவே? காசு குடுத்தாலும் காய் இல்லையே."

"கொல்லையில போட்டுக்குறேன்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல்ல போன குடும்பம் நம்மளுது. நம்ம வீட்டுல மம்பட்டி பிடிச்சவங்க யாரு இருக்கா?"

"இனிமே இருக்கட்டுமே," என்றார் உம்மா. தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னார்.

"சரி. பெருநாளுக்கு முந்தி வந்து பாப்பேன். உன் கொல்லை சோறு போட்டா நீ இங்கேயே இரு. இல்லாட்டி மறுபேச்சுப் பேசாம வண்டியில ஏறணும்."

மாமா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. தங்கையின் பிடிவாதம் ஒரு வாரத்தில் வாடிவிடும் என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்த வயதில் அது வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

எங்கள் கொல்லை சுற்றிலும் ஆள் உயர மதில் வைத்தது. தரை முழுக்கக் கடல் மணல். உச்சி வேளையில் வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனால் குதித்துக் குதித்துத்தான் திரும்ப வேண்டும். அதில் ஒரு முருங்கை மட்டும் நின்றது. உம்மா வண்டிக்காரரிடம் சொல்லி வரிச்சிக்குடி வயலிலிருந்து ஒரு வண்டி மண் கொட்டச் செய்தார். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பாக, பிசைந்த மாவு போலக் கையில் ஒட்டியது. ஈர வைக்கோல் வாசனை அடித்தது. மணலைத் தவிர வேறு மண்ணை நான் அதுவரை தொட்டதில்லை.

விதைகளை உம்மா சமையலறையிலிருந்தே எடுத்தார். முற்றிப்போனதென்று எறிய இருந்த வெண்டைக்காய், பரங்கிக்காயின் குடல், குளியலறையில் முதுகு தேய்க்க வைத்திருந்த பீர்க்கங்கூடு. அந்தக் கூட்டைத் தட்டினால் உள்ளேயிருந்து கறுப்பு விதைகள் உதிர்ந்தன. கத்திரி நாற்றுக்கு, வாப்பா சைகோனிலிருந்து சாமான் அனுப்பிய மரப்பெட்டிகள். புரியாத எழுத்துகள் அச்சடித்த பலகைக்கு மேலே குட்டிக் குட்டி இலைகள் எட்டிப் பார்த்தன. நாற்றுக்கு வெயில் தாங்காது என்று, அதே ஊரிலிருந்து வந்த எண்ணெய்க் காகிதக் குடையை உம்மா விரித்து வைத்தார். இரண்டு பூக்கள் வரைந்த சிவப்புக் குடை. கல்யாண வீட்டுக்குப் போகக்கூட அதை வெளியே எடுத்ததில்லை. ஒரு கோடை வெயிலில் அது வெளுத்து, நரம்பு நரம்பாகப் பிரிந்து போயிற்று.

தவறுகளும் நிறைய நடந்தன. திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, செடிக்கு மீன் தலையைப் புதைத்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா அன்றே புதைத்தார். விடிந்து பார்த்தால் தெருப்பூனைகள் எல்லாம் கொல்லையில் கூடி, வெண்டைப் பாத்தியைக் கிணற்றடி வரைக்கும் கிளறிப் போட்டிருந்தன. மறுநாள் மீன்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஆழமாப் புதைக்கணும்மா. நீங்க போர்வை போத்துற மாதிரி போத்திருக்கீங்க."

இன்னொன்று, செடிகளைக் கலைக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை. தூவிய விதை எல்லாம் முளைத்து நெருக்கியடித்து நின்றன. "வந்த புள்ளையைப் போன்னு எப்படிச் சொல்றது?" என்று ஒன்றைக்கூடப் பிடுங்க மாட்டார். மீன்கார அம்மாதான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, உம்மாவை முகம் திருப்பிக்கொள்ளச் சொல்லி, பாதிச் செடியைப் பிடுங்கி எறிந்தார். கிழிந்த வலை ஒன்றையும் அவரே கொண்டுவந்து பந்தலாகக் கட்டினார். புடலையும் பீர்க்கும் பாகலும் அதில் ஏறின. காற்றடித்தால் கொல்லை முழுக்க உப்பும் மீனும் மணக்கும்.

பிறகு வந்தது தண்ணீர்க் கஷ்டம். எங்கள் கிணற்று நீர் லேசாகக் கரிக்கும், குடிக்க ஆகாது. செடிக்கு ஆகும். ஆனால் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. கயிற்றில் இன்னொரு முழம், இன்னொரு முழம் என்று முடிச்சுப் போட்டோம். தம்பி பிறந்ததிலிருந்து உம்மாவுக்கு இடுப்பு வலி. வாளியை இழுத்துத் தூக்கிவிட்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் இழுத்தால் பாதி வாளி வரும். அடிப் பாத்திக்கு ஊற்றும்போது தலைப் பாத்தி காய்ந்துவிடும். அப்படி இருக்கும்போதுதான் நோன்பு மாசம் பிறந்தது.

நோன்பு மாசத்தில் எங்கள் தெருப் பெண்கள் பிற்பகலில் ஒரு வீட்டில் கூடிக் குர்ஆன் ஓதுவார்கள். மாலைத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்ச அவரவர் வீட்டுக்குப் போவார்கள். வழக்கமாக அது லெப்பைம்மா வீட்டில் நடக்கும். லெப்பைம்மா என்றால் தெருவுக்கே ஓதிக்கொடுத்தவர். எங்கள் உம்மாவுக்கும் அவர்தான், எனக்கும் அவர்தான். வெள்ளைத் துப்பட்டிக்குள் சின்ன முகம். பிரம்பு வைத்துக்கொள்ள மாட்டார், காதைத் திருகுவார். உம்மா அவரிடம் போய், "இந்த வருஷம் எங்க வீட்டுல ஓதலாமா? புள்ளையை விட்டுட்டு வர முடியலை," என்று கேட்டார். லெப்பைம்மாவும் சரியென்று விட்டார்.

ஓத வந்த பெண்கள் தொழுகைக்கு முன்னால் ஒளு செய்ய வேண்டுமல்லவா? கை, வாய், முகம், முழங்கை, கால் என்று முறையாகக் கழுவ வேண்டும். அதற்குக் கிணற்றடியில் ஒரு கருங்கல் மட்டும்தான் இருந்தது. முதல் நாளே பார்த்தேன், உம்மா அந்த ஒரு கல்லுக்குப் பதிலாகப் பாத்தி ஓரமாக வரிசையாகக் கற்களைப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் மூக்கு வைத்த கெண்டி ஒன்று. இல்லாததற்குச் செம்பு.

"இதென்னா லாத்தா, கல்யாணப் பந்தி மாதிரி போட்டிருக்கீங்க?" என்றார் அடுத்த வீட்டு மச்சி. லாத்தா என்றால் அக்கா.

"கிணத்தடி வழுக்குது. இங்க உக்காந்து செய்ங்க," என்றார் உம்மா.

ஆளாளுக்கு ஒரு வாளி இழுத்துக்கொண்டார்கள். கெண்டியில் ஊற்றிக்கொண்டு கல்லில் குந்தினார்கள். முகம் கழுவிய தண்ணீரும் கால் கழுவிய தண்ணீரும் நேராகச் செடிக்கடியில் இறங்கின. அன்று சாயங்காலம் கொல்லை முழுவதும் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. உம்மா ஒரு வாளிகூட இழுக்கவில்லை.

இரண்டொரு நாளில் சூட்சுமம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கோபப்படுவார்கள் என்று நான் பயந்தேன். ஆனால் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு கல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்கள். கல்லோடு அந்தச் செடியும் அவர்களுடையதாயிற்று.

"ஏன்டி, என் வெண்டை பூத்திருச்சு. உன்னது ஏன் இன்னும் குச்சியா நிக்குது?"

"நீங்க மூஞ்சி கழுவுறதைப் பாத்தா தெரியுதே. ஒரு கெண்டி போதாதுன்னு ரெண்டாவது கேக்குறீங்க."

"எனக்கு மூஞ்சி பெருசு."

மளிகைக் கடைக்காரர் வீட்டு மாமி கத்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மட்டும் வெகுநேரம் கழுவுவார். ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் பண்ணக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்ன லெப்பைம்மா, முதலில் அதைப் பார்த்து முறைத்தார். "விரயம் இல்லை லெப்பைம்மா, செடி குடிக்குது," என்றார் மாமி. லெப்பைம்மா முறைத்தபடியே தன் கல்லுக்குப் போனார். முதல் வெண்டைக்காய் பறித்த அன்று, எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது லெப்பைம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓதி முடித்து எல்லோரும் எழும்போது சொன்னார்.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. ஒளு செய்யும்போது நம்ம பாவமெல்லாம் தண்ணியோட வடிஞ்சு போயிரும்னு நான்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்?"

"ஆமாங்க."

"அப்ப அந்தத் தண்ணியில வெளஞ்சதை நம்ம திங்கலாமா?"

அடுத்த வீட்டு மச்சி மெதுவாக, "நான் நேத்துப் பொரிச்சுத் தின்னுட்டேனே," என்றார். யாரும் சிரிக்கவில்லை. உம்மா தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து பெண்கள் தங்கள் வீட்டிலேயே ஒளு செய்துவிட்டு வந்தார்கள். ஓதினார்கள், தொழுதார்கள், போனார்கள். கற்கள் காய்ந்து சூடேறிக் கிடந்தன. உம்மா நோன்பு வைத்துக்கொண்டு, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் வாளி இழுத்தார். எந்தச் செடிக்கு ஊற்றுவது, எதை விடுவது என்று அவர் நின்று பார்த்த பார்வை இப்போதும் எனக்குத் தெரிகிறது. பரங்கியை விட்டுவிட்டார். அது மூன்றாம் நாள் இலை சுருட்டிப் படுத்துவிட்டது. புடலங்கொடியின் நுனி துவண்டு தொங்கியது. அந்த வாரம்தான் மாமாவின் வண்டிக்காரர் வந்து, பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாமா வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் சாமான் ஏற்ற இடம் விட்டு வரச் சொல்லியிருக்கிறாராம்.

லெப்பைம்மாவிடம் உம்மா வாதாடவில்லை. யாரையும் கெஞ்சவும் இல்லை. பறிக்கக் கிடைத்த கொஞ்ச வெண்டைக்காயை எங்களுக்கு ஆக்கிப் போட்டார். அவரும் தின்றார். அவர் அதில் பாவத்தைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பசித்த பிள்ளைகளைப் பார்த்தார்.

ஒருநாள் லெப்பைம்மா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். உம்மா அடுக்களையில் இருந்தார். நான் கொல்லைப்படியில் உட்கார்ந்து பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்பைம்மா என்னைத் தாண்டிப் போனார். கிணற்றில் தானே ஒரு வாளி இழுத்தார், அந்த வயதில். கெண்டியை நிரப்பிக்கொண்டு, துவண்டு கிடந்த புடலங்கொடிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். ஒளுவை அவர் அவ்வளவு நிதானமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் மும்முறை, சொட்டுச் சொட்டாக, வேரைப் பார்த்துக் குனிந்தபடி.

உம்மா வாசற்படியில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "என் வயசுக்கு எம்மேல இனி என்ன பாவம் பெருசா இருந்துறப் போவுது?" என்றார்.

இதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மளிகைக்கடை மாமிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எங்க பாவம் மட்டும் கசக்குமா லெப்பைம்மா?"

லெப்பைம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலை ஒரு பார்வை பார்த்தார். "கசக்கும். அதனால வாய் நீளமானவங்கல்லாம் அந்தப் பாகக்கொடி பக்கம் போய் உக்காருங்க. அதுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

கொல்லையே சிரித்தது. பாகல் பக்கத்துக் கல்லுக்கு யாரும் போகவில்லை, ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளினார்கள். கடைசியில் மளிகைக்கடை மாமியே, "நகருங்கடி, என் தலையெழுத்து," என்று அங்கே போய் உட்கார்ந்தார்.

பின்னாளில் யோசித்திருக்கிறேன். லெப்பைம்மா அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. யாரிடமும் போய்க் கேட்டு வந்ததாகவும் தெரியவில்லை. காய்ந்த கொடியைத் தினமும் பார்த்தபடி அவரால் ஓத முடியவில்லை, அவ்வளவுதான் இருக்கும். தான் சொன்ன சொல்லைத் தானே தாண்டி வந்து, அதையும் சிரிக்கும்படி செய்ய எத்தனை பேரால் முடியும்?

மாமா சொன்ன வெள்ளிக்கிழமை வந்தார். அஸருக்குக் கொஞ்சம் முந்திய நேரம். கொல்லையில் பெண்கள் முக்காடு விலக்கி, கை மடித்து, ஒளு செய்துகொண்டிருந்தார்கள். பிற ஆம்பளை உள்ளே போக முடியாது. எந்தக் கொல்லையைப் பார்க்க வந்தாரோ, அந்தக் கொல்லைக்குள் மாமாவால் கால் வைக்க முடியவில்லை. முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் உம்மாவின் காதில் சொன்னேன். "இரு, நல்ல காயாப் பறிச்சுத் தட்டுல வெச்சு எடுத்துட்டு வாறேன்," என்று பாத்திக்குள் இறங்கினார். நான் திரும்பி வந்து கதவோரம் நின்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் வாளி விழும் சத்தம். கயிறு உரசும் சத்தம். கெண்டியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். மாமா வந்திருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

"பெருநாளைக்கு இவங்க நானா வந்து கூட்டிட்டுப் போயிட்டா, நம்ம செடியெல்லாம் என்னாவுறது?" அது அடுத்த வீட்டு மச்சியின் குரல்.

"வரட்டுமே. எல்லாருமா வாசல்ல உக்காந்துக்குவோம். நம்மளைத் தாண்டியா கூட்டிட்டுப் போவாங்க?"

"ஆம்பளைங்க வந்து பேசினா நீ எழுந்திருச்சு ஓடிருவே."

பிறகு லெப்பைம்மாவின் குரல், கொஞ்சம் உரக்கவே. "அவனுக்கு அலிஃப் சொல்லிக்கொடுத்தவ நான். ஒரு பக்கம் ஓத மூணு நாள் எடுத்துக்குவான். வந்தா எங்கிட்ட அனுப்புங்க, இன்னும் காதைத் திருகத் தெம்பு இருக்கு."

மாமாவுக்குத் தாடி நரைத்துவிட்டது அப்போதே. ஊரில் அவர் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உள்ள யார் யார் இருக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தெருவுல உள்ளவங்க எல்லாரும் மாமா."

"தினமும் வாறாங்களா?"

"தினமும்."

"காய் காய்க்குதா?"

எனக்குப் பொய் வரவில்லை. "வெண்டைக்காய் கொஞ்சம் காய்க்குது. பரங்கி செத்துப்போச்சு. புடலை பூவோட நிக்குது. கத்திரி இப்பத்தான் பிஞ்சு," என்றேன்.

மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ யார்மேலோ தண்ணீர் தெளித்து, ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது. பிறகு எழுந்து, என் தலையில் கை வைத்து ஒரு சேதி சொல்லிவிட்டு, வெளியே போய் வண்டியில் ஏறினார். வண்டியில் சாமானுக்கென்று விட்டிருந்த இடம் அப்படியே இருந்தது.

உம்மா தட்டோடு ஓடி வந்தார். இளசாகப் பார்த்துப் பறித்த வெண்டைக்காய்களைத் தட்டு நிறைந்து தெரியும்படி விசிறி போல அடுக்கியிருந்தார். கை முழங்கை வரை மண். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"போயிட்டாங்களா? கொல்லையைப் பாக்கவே இல்லையா?"

"இல்லை உம்மா."

"இதைக்கூடப் பாக்கலையா?" உம்மா தட்டை என் பக்கம் நீட்டினார். அவருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கதவில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

வருடா வருடம் பெருநாள் சோற்றுக்கு நாங்கள்தான் மாமா வீட்டுக்குப் போவோம். குடும்பத்துக்குப் பெரிய வீடு அதுதான். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பெருநாளைக்கு அவங்க எல்லாரும் இங்க சாப்பிட வாறாங்களாம். உம்மாகிட்ட சொல்லிருன்னு சொன்னாங்க."

உம்மா தட்டைப் பிடித்தபடியே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. ஆட்களை எண்ணுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"நெய்ச்சோறு ஆக்கிருவேன். தாளிச்சாவுக்குக் கத்திரிக்காய்?" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "எல்லாம் பிஞ்சால்ல நிக்குது?"

லெப்பைம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முழங்கையில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள ஏன் கவலைப்படுறே? பெருநாளுக்கு இன்னும் நாள் கெடக்கு," என்றார். பிறகு திரும்பி எல்லோரையும் பார்த்தார். "இனிமே பொழுது சாஞ்சு மஃரிபு தொழுறதுக்கும் யாரும் வீட்டுல ஒளு செய்ய வேணாம். கெண்டியை எடுத்துக்கிட்டு இங்க வந்துருங்க."